ஆஸ்துமாவும் ஆயுளும்: நுரையீரல் அளவை வருடா வருடம் கணக்குப் பார்த்துக் காப்பது எப்படி

ஆஸ்துமா இருந்தால் ஆயுள் குறையுமா? கண்டறியப்பட்டதும் பலர் கேட்கும் முதல் கேள்வி இது. ஆஸ்துமா இருக்கிறது என்பதை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. நுரையீரலின் காற்றோட்ட அளவு இன்றைக்கு எவ்வளவு, அது வருடத்துக்கு எவ்வளவு இறங்குகிறது, புகை பிடிக்கிறாரா என்ற மூன்றையும் பார்த்தால்தான் பதில் தெளிவாகும். அளவு இயல்பாக இருந்து, புகையும் பிடிக்காத ஆஸ்துமாக்காரரின் ஆயுள் மற்றவர்களின் ஆயுளுக்கு நெருக்கமாகவே இருக்கும். அளவு குறைந்தவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும்தான் அபாயம் கூடுகிறது.

அந்த அளவின் பெயர் எஃப்.இ.வி.1. மூச்சை முழுதாக இழுத்து, முழு பலத்தோடு ஊதும்போது முதல் ஒரு நொடியில் வெளியேறும் காற்று எத்தனை லிட்டர் என்பதுதான் அது. எல்லோருக்கும் இருபது, இருபத்தைந்து வயது வாக்கில் இது உச்சத்தைத் தொட்டு, பிறகு மெதுவாகக் குறையும். ஆஸ்துமாவில் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதை டென்மார்க்கில் 1976-இல் தொடங்கிய கோபன்ஹேகன் நகர இதய ஆய்வு அளந்து பார்த்தது. 17,506 பேரை 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் 1,095 பேருக்கு ஆஸ்துமா. ஆஸ்துமா இல்லாதவர்களுக்கு வருடம் 22 மி.லி. குறைந்தது, இருப்பவர்களுக்கு 38 மி.லி. குறைந்தது. வித்தியாசம் 16 மி.லி. என்றால் சிறிதாகத் தெரியும். 25 வயதிலிருந்து 65 வரை கூட்டினால் 640 மி.லி. வந்துவிடும். இதோடு சிகரெட்டும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். 175 செ.மீ. உயரமுள்ள, புகை பிடிக்காத, ஆஸ்துமா இல்லாத ஆணுக்கு 60 வயதில் சராசரி 3.05 லிட்டர். அதே வயது, அதே உயரம், ஆஸ்துமாவோடு புகைப்பழக்கமும் இருந்தவருக்கு 1.99 லிட்டர். 1998-இல் வெளிவந்த இந்தக் கணக்கை நுரையீரல் மருத்துவர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள்.

ஏன் குறைகிறது? மூச்சுக்குழாயின் உட்சுவரில் அழற்சி ஓயாமல் இருந்தால் சுவர் தடிக்கும், சுற்றியுள்ள தசை பருக்கும், சளிச் சுரப்பிகள் பெருகும். ஒரு கட்டத்துக்குப் பிறகு பஃப் (குழாயை விரிக்கும் இன்ஹேலர் மருந்து) அடித்தாலும் குழாய் பழைய அகலத்துக்கு விரியாது. கையிருப்பு குறைந்த நுரையீரலோடு அறுபது வயதைத் தாண்டும்போது ஒரு நிமோனியாவையோ மாரடைப்பையோ தாங்கும் சக்தி போதாமல் போகிறது. மூச்சளவு குறைந்தவர்களுக்கு இதய நோய் அபாயமும் கூடுதல் என்பதை அமெரிக்காவின் ஃப்ரேமிங்காம் ஆய்வு பல பத்தாண்டுகளுக்கு முன்பே காட்டியது. அதனால் கடுமையான திணறல் வந்து இறப்பது என்ற ஒன்றை மட்டும் நினைத்துப் பயந்தால் போதாது. அப்படி ஒரு நாளும் திணறாதவருக்கும் அளவு சத்தமில்லாமல் இறங்கலாம், மூளை அதற்குப் பழகிவிடும். 'எனக்கு ஒன்றும் இல்லையே, மாடி ஏறினால்தான் கொஞ்சம் இளைக்கிறது' என்பவரின் ரிப்போர்ட்டில், அந்த வயதுக்கும் உயரத்துக்கும் எதிர்பார்க்கும் அளவில் 58 சதவீதம்தான் என்று இருக்கக்கூடும்.

ஆகவே முதல் வேலை, அளந்து வைத்துக்கொள்வது.

பி.எஃப்.டி. எடுக்கும் நாளில்

எஃப்.இ.வி.1-ஐ அளக்கும் ஊதல் பரிசோதனையான ஸ்பைரோமெட்ரியைத்தான் நம் ஊர் ஆய்வகங்களில் பி.எஃப்.டி. என்கிறார்கள். நோய் கண்டறியும்போது ஒருமுறை, மருந்து தொடங்கி 3 முதல் 6 மாதத்தில் இன்னொரு முறை, அதன் பிறகு ஒன்று அல்லது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எடுங்கள். மூன்று முதல் ஆறு மாதத்தில் எடுப்பதைத் தவறவிடாதீர்கள். சரியான மருந்தில் உங்களால் எட்ட முடிந்த அதிகபட்ச அளவு அப்போதுதான் தெரியும். இனி வாழ்நாள் முழுவதும் ஒப்பிட்டுப் பார்க்கப்போவது அதனோடுதான்.

நோயைக் கண்டறியும் பரிசோதனை என்றால் உடனடி நிவாரணத்துக்கான சால்பியூட்டமால் 4 மணி நேரத்துக்கு முன்பும், நீண்ட நேரம் குழாயை விரிக்கும் ஃபார்மோடெரால் அல்லது சால்மெடெரால் கலந்த மருந்து 24 மணி நேரத்துக்கு முன்பும், விலான்டெரால் போல ஒரு நாளைக்கு ஒருமுறை எடுப்பது 36 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். இடையில் இளைத்தால் தயங்காமல் பஃப் எடுத்துவிட்டு, எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்று டெக்னீஷியனிடம் சொல்லுங்கள். தொடர் கண்காணிப்புக்கான பரிசோதனை என்றால் மருந்தை நிறுத்தத் தேவையில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி செய்தால் போதும். ஒரு மணி நேரம் முன்பிருந்தே புகையும் கடும் உடற்பயிற்சியும் வேண்டாம். இறுக்கமான உடையும் வயிறு முட்டச் சாப்பாடும் கூடாது.

செருப்பைக் கழற்றிவிட்டு உயரத்தை அங்கேயே அளக்கச் சொல்லுங்கள். இதில் பலர் ஏமாந்துபோகிறார்கள். வாயால் சொன்ன உயரத்தைப் பதிந்தால், 'எதிர்பார்ப்பு அளவு' தவறாக வந்து சதவீதம் முழுவதும் பிசகிவிடும்.

ஊதும்போது முதல் வேகம் முக்கியம். நெஞ்சு நிறைய இழுத்து, உதட்டைக் குழாயைச் சுற்றி இறுக்கி, ஒரு கணமும் தயங்காமல் வெடித்தாற்போல் ஊத வேண்டும். பிறகு காற்று தீர்ந்துவிட்டது போலத் தோன்றினாலும் குறைந்தது ஆறு நொடி விடாமல் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் இருமினாலோ, பாதியில் நிறுத்தினாலோ அது கணக்கில் சேராது. நல்ல ஊதல் மூன்று கிடைக்க வேண்டும். அவற்றில் சிறந்த இரண்டுக்கும் இடையே 150 மி.லி.க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. ஒரே ஊதலில் 'முடிந்தது' என்று அனுப்பிவிடும் இடத்தில் பரிசோதனை செய்துகொள்வதில் பயனில்லை. அடுத்து சால்பியூட்டமால் 400 மைக்ரோகிராம், அதாவது 100 வீதம் 4 பஃப், ஸ்பேசர் (இன்ஹேலரில் பொருத்தும் பிளாஸ்டிக் குடுவை) வழியாகக் கொடுத்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடியும் ஊதச் சொல்வார்கள்.

ரிப்போர்ட்டைப் படிப்பது

பக்கம் முழுக்க எண்கள் இருக்கும். உங்களுக்கு வேண்டியவை நான்குதான்: எஃப்.இ.வி.1 (லிட்டரில்), அதன் சதவீதம், எஃப்.வி.சி. என்ற மொத்த ஊதல் அளவு, எஃப்.இ.வி.1-ஐ எஃப்.வி.சி.யால் வகுத்தால் வரும் விகிதம். பெரியவர்களுக்கு விகிதம் பொதுவாக 0.75 முதல் 0.80-க்கு மேல் இருக்கும். பஃப் கொடுத்த பிறகும் 0.70-க்குக் கீழே இருந்தால் அடைப்பு நிலைத்துவிட்டது என்று பொருள், சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயும் சேர்ந்திருக்கிறதா என்று மருத்துவர் யோசிப்பார். சதவீதம் 60-க்குக் கீழே போனால், இன்றைக்கு எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும், வரும் மாதங்களில் கடுமையான திணறல் வரும் அபாயம் கூடுதல்.

பஃப் கொடுத்த பிறகு எஃப்.இ.வி.1 முந்தையதைவிட 12 சதவீதமும் 200 மி.லி.யும் கூடியிருந்தால் குழாய் நன்றாக விரிகிறது என்று கொள்ளலாம். 1.80 லிட்டர் 2.10 ஆனால் உயர்வு 300 மி.லி., கிட்டத்தட்ட 17 சதவீதம். இது ஒருவகையில் நல்ல செய்தி. சரியான மருந்தால் மீட்க முடிந்த இடம் இன்னும் இருக்கிறது.

இனி ஒரு நோட்டில் தேதி, வயது, பஃப்புக்குப் பிந்தைய எஃப்.இ.வி.1 (லிட்டரில்), சதவீதம், அன்றைக்கு எடுத்துக்கொண்டிருந்த மருந்து என்று ஒவ்வொரு முறையும் எழுதி வையுங்கள். சதவீதத்தை மட்டும் எழுதினால் போதாது. வயது கூடக்கூட எதிர்பார்ப்பு அளவும் குறைந்துகொண்டே வரும், இயந்திரத்துக்கு இயந்திரம் எதிர்பார்ப்புச் சூத்திரமும் மாறும். லிட்டர் கணக்கு சூத்திரத்தால் மாறாது. உதாரணமாக 2019-இல் 2.60, 2021-இல் 2.54, 2023-இல் 2.45, 2025-இல் 2.36 என்றால் ஆறு வருடத்தில் 240 மி.லி., வருடத்துக்கு 40. கோபன்ஹேகன் ஆய்வில் ஆஸ்துமாக்காரர்களுக்கு வந்த சராசரியைவிடச் சற்று வேகம். நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் பேச வேண்டிய நேரம் இது. ஆனால் ஒரு வருடத்தில் 100 மி.லி. குறைந்தது என்று மட்டும் பார்த்துப் பதறாதீர்கள். ஊதும் முறையிலும் சளி பிடித்த வாரத்திலும் அந்த அளவு ஏற்ற இறக்கம் சாதாரணம். மூன்று, நான்கு பதிவுகள் ஒரே திசையில் இறங்கினால்தான் அது உண்மையான சரிவு. ஒரே வருடத்தில் 15 சதவீதத்துக்கு மேல் விழுந்தால் மட்டும் காத்திருக்காமல் காரணம் தேட வேண்டும்.

வீட்டில் பீக் ஃப்ளோ மீட்டர்

ஊதும் காற்றின் உச்ச வேகத்தை அளக்கும் கையடக்கமான பிளாஸ்டிக் குழாய் இது. முள்ளைப் பூஜ்ஜியத்துக்குத் தள்ளி, நின்றுகொண்டு, ஒரே ஊதலாக வேகமாக ஊத வேண்டும். மூன்று முறை ஊதி அதில் பெரியதை எழுதுங்கள். காலையில் மருந்துக்கு முன், மாலையில் ஒருமுறை, இப்படி இரண்டு வாரம். மூச்சு நன்றாக இருக்கும் காலத்தில் கிடைக்கும் மிகப் பெரிய எண்தான் உங்கள் சொந்த உச்சம். அட்டவணையில் போட்டிருக்கும் சராசரியைவிட இதுதான் நம்பத்தக்கது.

உச்சம் 420 என்று வைத்துக்கொண்டால், 80 சதவீதமான 336-க்கு மேல் பச்சை, 336-க்கும் 210-க்கும் இடையே மஞ்சள், பாதியான 210-க்குக் கீழே சிவப்பு. மீட்டரிலேயே ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டுவிடலாம். காலைக்கும் மாலைக்கும் உள்ள வித்தியாசத்தையும் பாருங்கள். காலை 340, மாலை 400 என்றால் வித்தியாசம் 60, சராசரி 370, ஆக 16 சதவீதம். இரண்டு வாரச் சராசரி 10 சதவீதத்தைத் தாண்டினால் பெரியவர்களுக்கு ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்பதற்கு அது ஒரு குறி. துப்பாமல் ஊதுவது முக்கியம். கன்னத்தையும் நாக்கையும் வைத்துத் துப்பினால் முள் பொய்யாக ஏறும், குழந்தைகள் இதை அதிகம் செய்வார்கள்.

மருந்து நுரையீரலுக்குப் போய்ச் சேர வேண்டும்

அளவு சரியாகாததற்கு மருந்து போதவில்லை என்று நினைப்பதற்கு முன், மருந்து உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். பஃப் இன்ஹேலரை நன்றாகக் குலுக்குங்கள். புதியதாகவோ பல நாள் தொடாததாகவோ இருந்தால் உள்ளிருக்கும் சீட்டில் சொன்னபடி சில பஃப் காற்றில் அடித்துவிடுங்கள். மூச்சை மெதுவாக வெளியே விட்டு, உதட்டை மூடி, மெதுவாக இழுக்கத் தொடங்கியதும் ஒருமுறை அழுத்தி, மூன்று முதல் ஐந்து நொடி இழுத்து, பத்து நொடி அடக்குங்கள். அடுத்த பஃப்புக்கு அரை நிமிடம் இடைவெளி, மறுபடியும் குலுக்கல். முதலில் அழுத்திவிட்டுப் பிறகு இழுப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. மருந்து தொண்டையில் படிந்து, குரல் கரகரக்கும், வாயில் வெண்புண் வரும். ஸ்பேசர் இதைச் சரிசெய்துவிடும். ஸ்பேசரில் ஒரு நேரத்தில் ஒரு பஃப்தான். இரண்டை ஒன்றாக அடித்தால் துளிகள் மோதிச் சுவரில் ஒட்டிவிடும். பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவி, துடைக்காமல் காற்றில் உலர விடுங்கள். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி மருந்தை இழுத்துக்கொள்ளும்.

ரோட்டாகேப் என்ற பொடி மருந்துக் குப்பியைப் போட்டு இழுக்கும் கருவிக்கு இது நேர் எதிர். நிறமில்லாத முனையை முதலில் நுழைத்து, சுழற்றிப் பிரித்து, வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். அதற்குள் ஒருபோதும் ஊதாதீர்கள். ஈரம் பட்டால் பொடி கட்டியாகிவிடும். உள்ளே மிச்சம் இருந்தால் மறுபடியும் இழுங்கள். ஸ்டீராய்டு எடுத்தபின் கொப்பளித்துத் துப்புவது கட்டாயம்.

டோஸ் எண்ணி இல்லாத டப்பாவில் மருந்து தீர்ந்த பிறகும் வாயு பீச்சிக்கொண்டே இருக்கும். தண்ணீரில் மிதக்கிறதா என்று பார்ப்பது நம்பத்தக்கதல்ல. 120 டோஸ், காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என்றால் 30 நாள். தொடங்கும் அன்றே முடியும் தேதியை டப்பாவில் எழுதிவிடுங்கள்.

சால்பியூட்டமால் டப்பாக்களை எண்ணுங்கள்

ஆயுளோடு நேரடியாகத் தொடர்புள்ள, வீட்டிலேயே செய்யக்கூடிய கணக்கு இது. 200 டோஸ் டப்பா வருடத்துக்கு மூன்றோ அதற்கு மேலோ தீர்ந்தால் கடுமையான திணறல் அபாயம் கூடுகிறது, பன்னிரண்டைத் தொட்டால் இறப்பு அபாயம் கூடுகிறது. பிரிட்டனில் ஆஸ்துமா இறப்புகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட தேசிய அறிக்கையில், மருந்துச் சீட்டு எண்ணிக்கை தெரிந்த 165 பேரில் 65 பேருக்கு இறப்பதற்கு முந்தைய ஒரு வருடத்தில் பன்னிரண்டுக்கு மேல் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. சால்பியூட்டமால் குழாயை விரிக்கும், அழற்சியைத் தொடாது. நிம்மதி கிடைத்துவிடுவதால் உள்ளே நடப்பது தெரியாமல் போகிறது. இதனால்தான் சால்பியூட்டமாலை மட்டும் வைத்து ஆஸ்துமாவைச் சமாளிக்கக் கூடாது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டுக் குழுவான ஜினா 2019-இல் மாற்றி எழுதியது.

ஸ்டீராய்டு இன்ஹேலரோ இதற்கு நேர்மாறு. கனடாவின் சஸ்காச்செவன் மாகாணத்தில் 30,569 ஆஸ்துமாக்காரர்களின் மருந்துப் பதிவுகளை ஆராய்ந்தபோது, முந்தைய வருடத்தில் கூடுதலாக எடுத்த ஒவ்வொரு ஸ்டீராய்டு டப்பாவுக்கும் ஆஸ்துமா இறப்பு விகிதம் 21 சதவீதம் குறைந்திருந்தது. நிறுத்திய முதல் மூன்று மாதத்தில், தொடர்ந்தவர்களைவிட இறப்பு அதிகமாக இருந்தது. 'நன்றாகிவிட்டதே' என்று தாமாகவே நிறுத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மூன்று மாதம் முழுதாகக் கட்டுக்குள் இருந்தபின் மருத்துவர் நான்கில் ஒரு பங்கோ பாதியோ குறைப்பார். பூஜ்ஜியமாக்குவது அரிது.

ஸ்டீராய்டு என்றாலே பயப்படுபவர்களுக்கு ஒரு கணக்கு. புடெசோனைட் என்ற ஸ்டீராய்டு மருந்தைத் தினமும் 400 மைக்ரோகிராம் வீதம் ஒரு வருடம் முழுக்க இழுத்தால் 146 மில்லிகிராம். இன்ஹேலரை விட்டதால் திணறி, பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை 40 மில்லிகிராம் வீதம் ஐந்து நாள் சாப்பிட்டால் 200. இரண்டின் வீரியமும் ஒன்றல்ல என்பது சரி. ஆனால் இழுப்பது நேராக மூச்சுக்குழாய்க்குப் போகிறது, ரத்தத்தில் சேர்வது குறைவு; விழுங்குவது எலும்புக்கும் சர்க்கரைக்கும் கண்ணுக்கும் போகிறது. மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிச் சாப்பிடுவதை இன்றே நிறுத்துங்கள்.

புடெசோனைடும் ஃபார்மோடெராலும் சேர்ந்த ஒரே இன்ஹேலரைத் தினசரிக்கும் அவசரத்துக்கும் வைத்துக்கொள்ளும் முறையை மருத்துவர் சொன்னால், ஒரு நாளின் மொத்த பஃப் எண்ணிக்கை 12-ஐத் தாண்டக் கூடாது. சால்மெடெரால் கலந்த இன்ஹேலரை இப்படி அவசரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது.

அளவைக் கூடுதலாகக் குறைப்பவை

சிகரெட்டும் பீடியும் முதலில். ஸ்டீராய்டு இன்ஹேலரின் பலனையே புகை குறைத்துவிடுகிறது. விறகடுப்பு, கொசுவர்த்தி, சாம்பிராணி, போகியன்று எரிக்கும் டயர், தீபாவளி வாணவேடிக்கை எல்லாம் அதே குழாய்க்குள்தான் போகின்றன. வேலையிடமும் காரணமாகலாம்: நூற்பாலையின் பஞ்சுத்தூசி, பேக்கரி மாவு, பெயிண்ட் ஸ்ப்ரேயில் உள்ள ஐசோசயனேட், மர இழைப்பகத் தூள். விடுமுறையில் பீக் ஃப்ளோ ஏறி, வேலைக்குப் போனதும் இறங்குகிறதா என்று இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள். வேலையால் வந்த ஆஸ்துமாவில் அந்தத் தூசியிலிருந்து எவ்வளவு சீக்கிரம் விலகுகிறோமோ அவ்வளவு அளவு மிஞ்சும்.

பழுப்பு நிறத்தில் கட்டி கட்டியாகச் சளி வந்தால் ஏ.பி.பி.ஏ. என்ற பூஞ்சை ஒவ்வாமையா என்று பார்க்க வேண்டும். ஐ.ஜி.இ. என்ற ஒவ்வாமைப் புரதம், ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனைகளிலிருந்து தொடங்கலாம். விட்டுவிட்டால் மூச்சுக்குழாய் நிரந்தரமாக விரிந்து சிதைந்துபோகும். ப்ரோப்ரனலால் மாத்திரை, கண் அழுத்தத்துக்கான டிமோலால் சொட்டு மருந்து ஆகியவை குழாயைச் சுருக்கும், எனவே ஆஸ்துமா இருப்பதைக் கண் மருத்துவரிடமும் சொல்லுங்கள். மூக்கில் பாலிப் (சதை வளர்ச்சி) இருப்பவர்களுக்கு ஆஸ்பிரின், டிக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் ஆபத்தாகலாம். வருடம் ஒருமுறை ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள், நிமோனியா தடுப்பூசி பற்றியும் கேளுங்கள்.

குழந்தைகளுக்கு இது இரட்டிப்பு முக்கியம். சிறு வயதில் தேர்ந்தெடுத்த குழந்தைகளை 1964-இலிருந்து தொடர்ந்த மெல்போர்ன் ஆய்வில், கடுமையான ஆஸ்துமா இருந்தவர்களுக்கு 50 வயதில் சி.ஓ.பி.டி. வரும் வாய்ப்பு, ஆஸ்துமா இல்லாதவர்களைவிட 32 மடங்கு. உச்சத்தைத் தொடாமலே இறங்கத் தொடங்குபவர்கள் இவர்கள். 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று காத்திருக்காமல் பிள்ளைக்கு ஆறு வயதானதும் பி.எஃப்.டி. முயன்று பாருங்கள்.

திணறல் வந்துவிட்டால்

உட்காருங்கள், படுக்க வேண்டாம். சால்பியூட்டமாலை ஸ்பேசர் வழியாக ஒவ்வொரு பஃப்பாக 4 முதல் 10 வரை, தேவைப்பட்டால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை, முதல் ஒரு மணி நேரத்துக்கு மட்டும். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, தூக்கக் கலக்கம் வருகிறது, பீக் ஃப்ளோ சிவப்பில் இருக்கிறது என்றால் அந்த ஒரு மணி நேரத்தைக்கூடப் பார்க்காதீர்கள். ஆம்புலன்ஸை அழையுங்கள்: தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. வீசிங் சத்தம் நின்று ஆள் இன்னும் திணறினால் அது குணம் அல்ல, காற்றே போகவில்லை என்று அர்த்தம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 95 காட்டுவதை நம்பி வீட்டில் இருக்காதீர்கள், ஆக்சிஜன் கடைசியில்தான் விழும். மேலே சொன்ன பிரிட்டன் அறிக்கையில் 45 சதவீதம் பேர் மருத்துவ உதவியைக் கேட்காமலோ, அது வந்து சேர்வதற்கு முன்போ இறந்திருந்தார்கள்.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய ஒரு வாரத்துக்குள் உங்கள் மருத்துவரைப் பாருங்கள். எல்லா இன்ஹேலரையும், ஸ்பேசரையும், நோட்டையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று, அவர் எதிரில் ஒருமுறை இழுத்துக் காட்டுங்கள். ஓரிரு மாதத்தில், மூச்சு சீரானதும், ஒரு பி.எஃப்.டி. எடுத்துப் பழைய உச்சம் திரும்ப வந்ததா என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். வரவில்லை என்றால் தினசரி மருந்தின் அளவை மறுபடியும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.